பொம்மைக்கு இறங்கிய விஷம்

எங்கள் தெருவில் அந்த மாதம் எல்லாருடைய கால்களும் பளிச்சென்று இருந்தன. மூளையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

காரணம், தானியக் கிடங்கின் முன்கூடத்தில் வந்து இறங்கியிருந்த 'விஷமுறிவு மேதை'. அந்தப் பட்டத்தை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவரே அச்சடித்துக்கொண்டு வந்திருந்தார். ஒரு பிளாஸ்டிக் தொட்டி, இரண்டு இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கரண்ட் பெட்டி, ஒரு டப்பா வெள்ளைப் பொடி. இவ்வளவுதான் அவருடைய ஆஸ்பத்திரி. அந்தப் பொடியைப் போட்டு, கம்பிகளை இறக்கிய வெந்நீரில் அரை மணி நேரம் காலை வைத்தால் உடம்பிலுள்ள விஷமெல்லாம் பாதத்தின் வழியாக இறங்கிவிடுமாம்.

இறங்கத்தான் செய்தது! தண்ணீர் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், கடைசியில் நுரை கட்டிக்கொண்டு சாக்கடையோடு போட்டி போடும். "அடேயப்பா, இத்தனையும் எனக்குள்ளயா இருந்துச்சு!" என்று ஆளாளுக்குப் பூரித்துப்போனார்கள். எதிரே பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கும் நானும் ஒரு நாள் போய் உட்கார்ந்தேன். என் தண்ணீர் பக்கத்து ஆளின் தண்ணீரைவிடக் கறுப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

பத்தாவது தடவை தண்ணீர் தெளிவாகவே நிற்கும். "நீங்க சுத்தம்!" என்பார் மேதை. அன்றைக்கு மட்டும் வெள்ளைப் பொடிக்கு விடுமுறை. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லாரும் குனிந்து அவரவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

காலைக் கழுவியதோடு விட்டிருந்தால் போகட்டும் என்றிருப்பேன். கிடங்கில் மழைநீர் புகுந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் ஒரு குவியல் கிடந்தது. வண்டு வராமலிருக்க அதன்மேல் பூச்சிமருந்துத் தூளையும் தூவியிருந்தார்கள். குழி தோண்டிப் புதைக்க வேண்டிய சரக்கு. முதலாளிக்கு மனம் வரவில்லை. மேதைக்கோ ஞானம் வந்தது.

"பூஞ்சையும் விஷம், மருந்தும் விஷம். ரெண்டுக்கும் ஆகவே ஆகாது. உள்ள போனா ஒண்ணோட ஒண்ணு மோதி ரெண்டுமே செத்துடும்! மிச்சம் மீதி இருந்தா, இருக்கவே இருக்கு தொட்டி!"

எல்லாரும் கைதட்டினார்கள். அந்தச் சோளத்தை அரைத்துத் தொழிலாளர்களுக்கு ஆளுக்கொரு மூட்டை மாவு, சனிக்கிழமை, இலவசம் என்று முதலாளி அறிவித்தார். என்ன தாராளம்!

நாள் முழுக்க அந்தச் சோளத் தூசியில் மூட்டை நிறுக்கும் கிடங்கின் எடைக்காரருக்கு மூன்று வாரமாக வாந்தியும் தலைசுற்றலும். ஒன்பது தடவை தொட்டியில் உட்கார்ந்துவிட்டார். அந்தத் தைரியத்தில், தூசிக்காகக் கட்டும் மூக்குத்துணியையும் தூக்கிப் போட்டுவிட்டார். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். அவருடைய அக்காவுக்கு ஓர் ஆய்வுக்கூடத்தில், உயிருள்ள செல்களைத் தட்டுகளில் வளர்த்துச் சோதிக்கும் வேலை. வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் என் கடை பெஞ்சில் வைத்துத் தம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், அந்த மாவை வீட்டுக்குள்ள கொண்டு போகாதடா. முதல்ல டாக்டர்கிட்ட வா."

"ரெண்டு விஷமும் மோதிச் செத்துடும்னு மேதை விளக்கமா சொன்னாரேக்கா?"

"மோதினதை அவர் பாத்தாரா? நாங்க பாத்தோம்டா. ஈரல் செல்லை நாலு தட்டுல வளர்த்தோம். ஒண்ணுல எதையும் போடலை. ஒண்ணுல பூஞ்சை விஷம் ஒரு துளி, இன்னொண்ணுல பூச்சிமருந்து ஒரு துளி. மூணும் நல்லாத்தான் இருந்துச்சு. நாலாவதுல அதே ரெண்டு துளியையும் சேர்த்து விட்டோம். மறுநாள் பாத்தா பாதிக்கு மேல செத்துக் கிடக்கு."

"தட்டுல செத்தா மனுஷனும் செத்துடுவானா?"

"நான் அப்படிச் சொல்லலையே. எல்லா விஷமும் இப்படிக் கூட்டுச் சேராது. எது சேரும், எது சேராதுன்னு சோதிச்சாத்தான் தெரியும். அந்தச் சோதனையை உன் பிள்ளைங்க வயித்துல நடத்தப் போறியா?"

எடைக்காரர் எழுந்து கிடங்குக்குப் போய்விட்டார். அக்காவின் கண் கலங்கியது. எனக்கும் மனசு கேட்கவில்லை. "என்னை நம்ப வேணாம். அவன் கண்ணை நம்பினா போதும்" என்றபடி அக்கா பக்கத்து ஜவுளிக்கடையையே உற்றுப் பார்த்தார்.

சனிக்கிழமை. மூட்டைகள் அடுக்கியாயிற்று. கூட்டம் நெரிந்தது. அக்கா வந்தார். கக்கத்தில், ஜவுளிக்கடையில் கேட்டு வாங்கிய, கால்சட்டை மாட்டி வைக்கும் பிளாஸ்டிக் பொம்மை. இடுப்புக்கு மேலே ஒன்றும் கிடையாது.

"இவருக்கு உடம்பு சரியில்லை. தொட்டியில வைக்கணும்."

"என்னம்மா, கிண்டலா?" என்றார் மேதை.

"கட்டணம் கட்டுறேங்க. தம்பி, நீயே பொடியைப் போட்டு சுவிட்சைத் தட்டு."

எடைக்காரர் கை சும்மா இருக்குமா? மேதை வழக்கமாகப் போடும் இரண்டு கரண்டிப் பொடியைத் தராசில் நிறுத்துப் போட்டார். அரை மணி நேரம். மஞ்சள், பழுப்பு, நுரை! பிறந்ததிலிருந்து ஒரு வாய் சாப்பிட்டறியாத கால்களிலிருந்து அத்தனை விஷம்.

"பிளாஸ்டிக்லயும் விஷம் உண்டு!" என்றார் மேதை. சில தலைகள் ஆடின. நம்மவர்கள் தலையாட்டச் சலிப்பதே இல்லை.

அக்கா பொம்மையை எடுத்துவிட்டுத் தண்ணீரை மாற்றச் சொன்னார். இப்போது கால் எதுவும் இல்லை, தண்ணீரும் பொடியும் மட்டும். மறுபடியும் பழுப்பு. பிறகு, புதுத் தண்ணீரில் பொடி இல்லாமல் தம்பியின் கால். தண்ணீர் கண்ணாடியாக நின்றது.

எடைக்காரர் டப்பாவுக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தார். "அட, வெறும் உப்பு!"

"உப்புத்தான்டா. உப்புத் தண்ணியில இரும்புக் கம்பிக்குக் கரண்ட் குடுத்தா கம்பி அரிச்சுத் துரு இறங்கும். நீ பாத்ததெல்லாம் துரு. வயித்துல இருக்கிறது அங்கேயேதான் இருக்கு."

கூட்டம் முணுமுணுத்தது. மேதை குரலை உயர்த்தினார். "தொட்டி கிடக்கட்டும்! மாவுல இருக்கிற விஷம் ஒண்ணை ஒண்ணு முறிச்சிடும், அது சத்தியம்!"

எடைக்காரர் ஒரு மூட்டையைத் தூக்கி அவர் காலடியில் வைத்தார். "அப்ப முதல் மூட்டை உங்க வீட்டுக்கு. ரெண்டாவது முதலாளி வீட்டுக்கு. அப்புறந்தான் எங்க பிள்ளைங்களுக்கு."

முதலாளிக்குத் திடீரென்று அவசர வேலை வந்துவிட்டது. மேதை வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ரெண்டு நாளா வயிறு சரியில்லப்பா."

"அப்ப காலை வைங்க!" என்றார் எடைக்காரர்.

கிடங்கே அதிரச் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் மேதை பின்வாசல் வழியாக நழுவிவிட்டார், தொட்டியைக்கூட எடுக்கவில்லை. மூட்டைகள் அன்றே குழிக்குப் போயின. எடைக்காரர் மூக்குத்துணியைத் தேடி எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அக்காவோடு டாக்டரிடம் கிளம்பினார்.

பொம்மையைக் கடையில் திருப்பிக் கொடுக்க நான்தான் போனேன். அது தொட்டியில் போய் நின்றதை யாரும் குறை சொல்ல முடியாது. அதற்குத் தலை கிடையாது. நமக்கு இருக்கிறதே, அதென்ன தொப்பி மாட்டவா?