அந்த ஆணிக்கு ஆளு வருது

குத்துச்சண்டை மேடையில் இவ்வளவு வசதியாகப் படுத்திருந்த மனிதன் உலகத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. அடி வாங்கி விழுந்தவர்கள் உண்டு, மயங்கி விழுந்தவர்கள் உண்டு. எங்கள் ஊர் 'எட்டு' மட்டும் விழுந்த பிறகு கையைத் தலைக்கு அண்டக் கொடுத்துக்கொண்டு, ரெஃபரி எண்ணுவதைக் கவனமாகக் கேட்பான். ஏழு வரைக்கும் அசைய மாட்டான். எட்டு என்றதும் எழுந்து, கையுறையை நெஞ்சில் துடைத்துவிட்டு, "வாங்க அண்ணாச்சி" என்று எதிராளியை மரியாதையாகக் கூப்பிடுவான். அதனால்தான் அவனுக்கு அந்தப் பெயர். ரேஷன் கார்டில் வேறு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி விசாரித்தால் கோவில்பட்டியில் ஒருத்தருக்கும் தெரியாது.

"ஏம்ல, ஒண்ணு ரெண்டுலயே எந்திரிச்சா என்ன?" என்று ஒரு முறை கேட்டேன்.

"பத்து வரைக்கும் நேரம் குடுத்திருக்காவ அண்ணாச்சி. சீக்கிரம் எந்திரிச்சா சீக்கிரம் அடி விழும். பத்துக்கு எந்திரிச்சா தோத்துருவோம். ஒன்பது ரிஸ்க்கு. எட்டுதான் கணக்கு."

இந்தக் கொள்கையை அவன் மேடையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. எட்டயபுரம் ரோட்டில் சைக்கிளில் போனவனை ஒரு ஆடு குறுக்கே வந்து தள்ளிவிட்டது. கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தர் சோடாவை உடைத்து முகத்தில் அடித்தார். இன்னொருத்தர் ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். எட்டு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, "சும்மா இருங்க, இன்னும் மூணு இருக்கு" என்றான். காலையில் அவன் அம்மா அவனை எழுப்புவதும் எண்ணித்தான். அந்த அம்மாளுக்கு எட்டுக்கு மேல் எண்ணவே தெரியாது என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டவன் நான்தான்.

அவர்கள் குடும்பமே சண்டைக்காரக் குடும்பம். தெருச்சண்டை இல்லை, முறைப்படி மணி அடித்துப் போடுகிற சண்டை. தாத்தா தூத்துக்குடி துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போய், கப்பல்காரர்களிடம் குத்துச்சண்டை கற்றுக்கொண்டு, கற்றுக்கொடுத்தவர்களையே குத்திவிட்டு வந்தவர். அப்பா மில் வேலைக்கு லீவு போட்டு ஜில்லா ஜில்லாவாகப் போய்ச் சண்டை போட்டவர். தங்கச்சி போலீஸில் இருக்கிறாள், அவளும் மாநில அளவில் ஜெயித்தவள். ஊரே ஹாக்கி மட்டையோடு அலையும்போது இந்த ஒரு வீடு மட்டும் கையை மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அந்த வீட்டு முன்னறைச் சுவரில் வரிசையாகப் போட்டோக்கள் தொங்கும். எல்லாம் ஒரே மாதிரிதான். ரெஃபரி கையைத் தூக்கிப் பிடித்திருக்க, இவர்கள் மூக்கில் ரத்தத்தோடு சிரித்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் பிள்ளை பிறந்த அன்றைக்கே சுவரில் ஒரு ஆணி அடித்துவிடுவார்கள். அந்தப் பிள்ளை என்றைக்கு முதல் சண்டையை ஜெயிக்கிறதோ அன்றைக்குத்தான் அதில் போட்டோ ஏறும். தாத்தா இருந்தார், அப்பா இருந்தார், தங்கச்சி இருந்தாள். ஒரு சேவல்கூட இருந்தது. அது எந்தக் காலத்திலோ ஜெயித்ததாம். அதன் இறக்கையை அப்பா தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். எட்டின் ஆணி மட்டும் முப்பத்து நாலு வருஷமாகச் சும்மா இருந்தது.

இது தெரியாமல், முதல் தடவை அந்த வீட்டுக்குப் போன அன்றைக்கு, வெயிலில் வந்த களைப்பில் என் தோள் துண்டை அந்த ஆணியில் மாட்டிவிட்டேன். கட்டிலில் படுத்திருந்த அப்பா தலையைத் தூக்கினார்.

"துண்டை எடுங்க."

"வேர்வைங்க. செத்த நேரம் காயட்டும்னு..."

"எடுங்கன்னா எடுங்க. அதுக்கு ஆளு வருது."

பஸ்ஸில் சீட் பிடித்து வைத்திருப்பவர் சொல்கிற மாதிரிச் சொன்னார். நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

அந்தத் துண்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயங்களில் நமக்கு வேண்டிய வண்டி முந்தும்போது துண்டைச் சுழற்றி மேலே எறிவது வழக்கம். எல்லாரும் எறிவார்கள், திரும்பப் பிடித்துக்கொள்வார்கள். நான் எறிவதோடு சரி. கரிசல் காட்டில் என் துண்டுகள் எத்தனை மக்கிப் போயிருக்கின்றன என்று என் மனைவியிடம் கேட்டால் கலர் கலராகச் சொல்லுவாள்.

மற்றபடி எனக்கும் குத்துச்சண்டைக்கும் கொசு அடிப்பது தவிர வேறு சம்பந்தம் கிடையாது. நான் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கிளார்க். எங்கள் ஊரில் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். அங்கே பண்டல் ஏற்றுகிற லோடுமேன் எட்டு. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, "அண்ணாச்சி, நாளைக்கு ஓடப் போறேன். தண்ணி பாட்டில் மட்டும் பிடிச்சுட்டு வாரீங்களா?" என்று கேட்டான். பாட்டில் பிடிப்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்று சம்மதித்தேன். அதில் ஆரம்பித்தது என் விளையாட்டு வாழ்க்கை.

அவன் மழை பெய்த மறுநாள்தான் ஓடுவான், அதுவும் கரிசல் காட்டு வண்டிப் பாதையில். கூப்பிடு தூரம் போவதற்குள் ஒவ்வொரு ஷூவிலும் ஒரு படி மண் அப்பிவிடும். "இந்தக் காலைத் தூக்கிப் பழகிட்டா மேடையில பறக்கலாம் அண்ணாச்சி" என்பான். நான் மொபெட்டில் பின்னால் போவேன். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அடைத்து வண்டி நின்றுவிடும். அவன் திரும்பி வந்து மொபெட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஓடுவான். பாட்டிலோடு நான் பின்னால் ஓடுவேன். தண்ணீர் முழுவதையும் நானே குடித்திருப்பேன். பருத்திக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "சண்டைக்குப் போறது யாரு, பின்னால மூச்சு வாங்கிட்டு வாரவியளா? பாவம், வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள்.

எட்டு புரொஃபஷனல் ஆனான். தலைக்கவசம் கிடையாது, பனியன் கிடையாது, மற்றபடி முன்பு வாங்கிய அதே அடிதான். பதினோரு சண்டை போட்டான். பதினொன்றிலும் தோல்வி. ஒன்றில்கூட எழுந்திருக்காமல் இருந்ததில்லை, புள்ளியில்தான் தோற்பான். "பாதி நேரம் படுத்துக் கெடந்தா புள்ளி எங்கன இருந்துல வரும்?" என்று அவனுக்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அவன் வீட்டுக்குள் நுழையும்போது அப்பா அவனைப் பார்க்க மாட்டார். ஆணியைப் பார்ப்பார். பிறகு திரும்பிப் படுத்துக்கொள்வார்.

பன்னிரண்டாவது சண்டை சென்னையில் வந்தது. அதுதான் கடைசி என்பது எல்லோருக்கும் தெரியும். அவனுடைய இடது கண் மங்கிக்கொண்டு வந்தது, அடுத்த வருஷ மெடிக்கலில் தேற மாட்டான். அதை விட்டால் ஆணிக்கு ஆள் வரவே போவதில்லை. அந்த நேரம் பார்த்து மாஸ்டருக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலைக்கு நடுவில் படுத்துக்கொண்டு போனில் சொன்னார்: "கார்னர்ல நிக்க ஒரு ஆளு வேணும். ரெஃபரி இங்கிலீஷ்காரரு. நம்ம கூட்டத்துல இங்கிலீஷ் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான்."

என் இங்கிலீஷ், சரக்கு வந்தது போனது எழுதுகிற இங்கிலீஷ். இருந்தாலும் மறுக்கவில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

மாஸ்டர் சொன்ன விஷயங்களில் முக்கியமானது துண்டு. நம் ஆள் தாங்க மாட்டான் என்று தோன்றினால் கார்னரில் நிற்பவர் துண்டை மேடைக்குள் எறிய வேண்டும். எறிந்துவிட்டால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம், சண்டை அத்தோடு முடிந்தது. இது எனக்கு நன்றாகத் தெரியும். ரயிலில் பக்கத்து சீட்டுக்காரருக்குச் சாத்தூரிலிருந்து விருதுநகர் வரைக்கும் இதைத்தான் விளக்கிக்கொண்டு போனேன்.

சண்டை ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணவறை இருக்க வேண்டிய இடத்தில் கயிறு கட்டி மேடை போட்டிருந்தார்கள். முந்தின நாள் வாழைமரம் வாசலில் அப்படியே நின்றது. எதிராளி மங்களூர்ப் பையன், நல்ல உயரம். முதல் ரவுண்டில் எட்டு ஒரு தடவை விழுந்தான். இரண்டாவது ரவுண்டில் இரண்டு தடவை. ரெஃபரி ஒவ்வொரு தடவையும் என்னைத் திரும்பிப் பார்த்தார். பயத்தில் எறிந்து தொலைத்துவிடக் கூடாதே என்று தோளில் கிடந்த என் துண்டை இடுப்பில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

இடைவேளையில் ஸ்டூலில் உட்கார்ந்தவனிடம், "இடது பக்கமா நகர்ந்து அடில" என்றேன்.

"உங்க இடதா, என் இடதா?"

நான் அவனுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். யோசித்துப் பதில் கண்டுபிடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

மூன்றாவது ரவுண்டிலும் விழுந்தான். எட்டு என்றதும் எழுந்தான். அந்தப் பையன் முடிந்தது என்று நினைத்துக் கையைக் கொஞ்சம் கீழே இறக்கியிருந்தான். எட்டு, யாருடைய இடது என்று தெரியவில்லை, ஏதோ ஒரு பக்கமாக நகர்ந்து ஒரு குத்து விட்டான். பண்டல் ஏற்றுகிற கையல்லவா. பையன் மல்லாக்க விழுந்தான்.

பதினோரு சண்டையில் ஒருத்தன்கூட எட்டின் முன்னால் விழுந்தது கிடையாது. ரெஃபரி எண்ண ஆரம்பித்தார். மூன்று. நான்கு. பையன் அசையவில்லை. ஐந்து. என் கண்ணுக்குள் அந்தச் சுவரும் ஆணியும் போட்டோவும் வந்துவிட்டன. ஆறு என்றபோது நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். முடிச்சை எப்போது அவிழ்த்தேன் என்று சத்தியமாக இன்றுவரை எனக்குத் தெரியாது. பயத்துக்குத்தான் கட்டி வைத்திருந்தேன், சந்தோஷத்துக்குக் கட்டி வைக்கவில்லை. துண்டு சுழன்று மேலே போய், கயிற்றைத் தாண்டி, பொன்னாடை மாதிரி ரெஃபரியின் தோளில் விழுந்தது.

அவர் எண்ணுவதை நிறுத்தினார். துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு கைகளையும் ஆட்டிச் சண்டை முடிந்தது என்றார்.

"நோ சார். திஸ் ஹேப்பி டவல் சார். ஹேப்பி டவல்" என்று கத்தினேன். எந்த இங்கிலீஷுக்காக என்னைக் கூட்டிக்கொண்டு போனார்களோ அது அவ்வளவுதான். படுத்திருந்த பையனைத் தூக்கி நிறுத்தி, அவன் கையை உயர்த்தி, அவன் ஜெயித்ததாக அறிவித்தார்கள். தெளிந்ததும் அவன் முதலில் வந்து என் கையைப் பிடித்துத்தான் குலுக்கினான்.

எட்டு என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து, "தண்ணி இருக்கா?" என்று மட்டும் கேட்டான். அதையும் நான் குடித்துவிட்டிருந்தேன்.

மறுநாள் காலை ரயிலில் திரும்பினோம். திருமங்கலம் தாண்டியதும் எட்டு கேட்டான்:

"அண்ணாச்சி, அவன் எட்டுல எந்திரிச்சிருப்பானா?"

"எந்திரிச்சிருக்க மாட்டான்ல. பத்துலயும் எந்திரிச்சிருக்க மாட்டான்."

"ம்" என்றான். "அந்தத் துண்டைக் குடுங்க" என்று வாங்கி, முகத்தைத் துடைத்து, மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டான். இனி நான் எங்கேயும் எறியக் கூடாது என்று பிடுங்கி வைத்துக்கொண்டான் போல என்று நினைத்தேன். நியாயம்தான்.

அதன் பிறகு இரண்டு வருஷம் நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. ஆபீஸுக்கு ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு போனேன். ஆபீஸில் அவன் பண்டலோடு எதிரே வந்தால் ஃபைலைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன். தோளில் துண்டு போடுவதையும் விட்டுவிட்டேன். ஒருத்தனுடைய ஆயுசுக்கும் வந்த ஒரே ஒரு ஜெயத்தை நான் எறிந்துவிட்டு வந்தேன் என்பதை எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் மறக்க முடியவில்லை.

போன மாதம் எட்டு ஃபைலைத் தன் கையால் கீழே இறக்கிவிட்டுச் சொன்னான்: "அப்பா உங்கள கூட்டியாரச் சொல்லுதாவ."

"எதுக்குல?"

"தெரியாது. கூட்டியான்னாவ."

அவருக்கு எழுபத்தைந்து வயது. ஆனால் அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே போனேன்.

அவர் அதே கட்டிலில் இருந்தார். நான் சுவரைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். தாத்தா, அப்பா, தங்கச்சி, சேவல். அடுத்த ஆணியில் என் துண்டு தொங்கியது. துவைத்து, மடித்து, போட்டோவுக்குப் போடுகிற மாதிரி ஒரு சந்தனப் பொட்டும் வைத்திருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. வருகிறவர் போகிறவர் எல்லாம் என் லட்சணத்தைப் பார்க்கட்டும் என்றுதான் மாட்டியிருக்கிறார்கள். என்னையறியாமல் துண்டை எடுக்கக் கையை நீட்டினேன்.

"கைய எடுங்க" என்றார் அப்பா.

எடுத்தேன்.

"அதுக்கு ஆளு வந்தாச்சு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எட்டுதான் சொன்னான். "அன்னைக்கு வந்ததும் தோத்துட்டேன்னு சொன்னேன் அண்ணாச்சி. இவிய ஆணியப் பாத்தாவ. துண்டைக் காட்டி நடந்ததச் சொன்னேன். ஏன் எறிஞ்சாருன்னு கேட்டாவ. சந்தோசத்துலன்னேன். கூட நின்னவன் சந்தோசத்துல துண்டை எறிஞ்சிருக்கான்னா நீ ஜெயிச்சாச்சுலன்னு சொல்லி, இவியளே எந்திரிச்சு மாட்டுனாவ."

"ஜெயிச்சதுக்கு அது ஒண்ணுதான சாட்சி" என்றார் அப்பா. "ரெண்டு வருசமா ஏன் வரல? வந்து பாத்துட்டுப் போயிருக்கலாமுல்ல. மொதல்ல அந்த ஹெல்மெட்டக் கழட்டுங்க."

கழற்றவில்லை. உள்ளே கண்ணும் மூக்கும் இருந்த நிலைமை அப்படி. பக்கத்தில் கிடந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். உடனே எழுந்திருக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. எட்டு வந்து என் தோளைப் பிடித்து அழுத்தினான்.

"இருங்க அண்ணாச்சி. எதுக்கு அவசரம், இன்னும் எட்டு வரல."

அன்றைக்கு நான் பத்துக்கு மேலேயும் உட்கார்ந்தே இருந்தேன்.