கம்பெனி கட்டிங்

"ஓரத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவிடுங்கன்னுதானேய்யா சொன்னேன்!"

அவன் கத்தும்போது தாடியில் பாதி மடியில் கிடந்தது. மீதி இன்னும் முகத்தில் இருந்தது. சலூன்காரர் கொஞ்சமும் பதறாமல் கத்தியைத் துடைத்துக்கொண்டே கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தார்.

"எதிர்ல இருக்கற பெரிய கட்டடத்துல இன்டர்வியூன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா, அதுக்கு?"

"அந்தக் கம்பெனிக்குன்னு ஒரு கட்டிங் இருக்கு சார். ஆடாம உட்காருங்க."

பாதித் தாடியோடு எழுந்து ஓடவா முடியும்? தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அது சாதாரணத் தாடியா! பெண் பார்க்கப் போன நாளிலேயே இருந்த தாடி. அவனுடைய மோவாயை அவன் மனைவி இதுவரை பார்த்ததே இல்லை. மகள் அதைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். ஆனால் பழைய வேலை போனதிலிருந்து ஏறி இறங்கிய ஆபீஸ்களில் எல்லாம் அந்தத் தாடியைப் பார்த்ததும் "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

இன்று காலையில் சட்டையை இஸ்திரி போட்டுப் பையோடு கையில் கொடுத்துவிட்டு மனைவி சொன்னாள்.

"இன்னிக்கும் வேலை இல்லாம வந்தீங்கன்னா, பொண்ணைக் கூட்டிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

அழுதுகொண்டே சொல்லியிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பான். அவள் அழாமல் சொன்னாள்.

"முடிஞ்சுது சார், பாருங்க."

கண்ணைத் திறந்தான். இடது பக்கம் வகிடு, கோடு கிழித்தாற்போல மீசை, உரித்த முட்டையாக ஒரு மோவாய். தெருவில் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டிருப்பான், அவ்வளவு தெரியாத முகம்.

"இது யாருங்க?"

"இனிமே நீங்கதான்" என்றார் சலூன்காரர், சிரிக்காமல்.

கம்பெனி வாசலில் காவலாளி விறைப்பாக ஒரு சலாம் வைத்தார்.

"என்ன சார், இன்னிக்கு லேட்டு? போனைக் குடுத்துட்டுப் போங்க."

"நான் இன்டர்வியூக்கு வந்திருக்கேன்."

"தெரியும் சார். மேல எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்காங்க."

ஆகா, என்ன மரியாதை! முகத்தை வழித்ததும் ஊரே மதிக்கிறதே, இத்தனை வருஷம் வீணாக மயிரை வளர்த்தோமே என்று நொந்துகொண்டே, போனைக் கொடுத்துவிட்டு மாடி ஏறினான்.

மேலே நீளமான ஹால். வரிசையாக மேசைகள். அவன் கதவைத் தள்ளியதும் எல்லாத் தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன. எல்லாவற்றிலும் இடது வகிடு. எல்லாவற்றிலும் கோட்டு மீசை. ஒரு நொடி பார்த்துவிட்டு அத்தனையும் ஒன்றாகக் குனிந்தன.

பியூன் வந்து அவன் முழங்கையைப் பிடித்து, காலியாக இருந்த மூன்றாவது மேசையில் உட்காரவைத்தான். நாற்காலியில் இன்னும் சூடு இருந்தது.

"தம்பி, நீங்க ஆள் மாத்திப் பாத்துட்டீங்க..."

"மேனேஜர் வராரு சார். பேசாம இருங்க."

மேனேஜருக்கும் அதே வகிடு, அதே மீசை. கொஞ்சம் நரைத்திருந்தது, அவ்வளவுதான்.

"நேத்து நீங்க போட்ட கணக்கு முழுக்கத் தப்பு!"

"சார், நேத்து நான் இங்க இல்லவே இல்ல."

"அதைத்தான் நானும் சொல்றேன். உடம்பு இருந்துது, நீங்க இல்ல. போகட்டும், இன்னிக்காவது ஒழுங்காப் பாருங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆபத்தில்ல."

கடைசி வார்த்தை காதில் தேனாகத்தான் பாய்ந்தது. வேலை! ஆனால் அந்த வேலை அவனுக்கா, அவன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கா? சம்பளநாளன்று உண்மையான மூன்றாம் மேசைக்காரர் வந்து சட்டையைப் பிடித்தால் என்ன சொல்வது? வேண்டாம்பா இந்த வம்பு, தலையைக் கலைத்துக்கொண்டு தனி ஆளாகத் தெரிவோம் என்று முடிவு பண்ணி, பாத்ரூமுக்கு நடந்தான்.

அங்கே சுவர் முழுக்கக் கண்ணாடி. ஏற்கெனவே இரண்டு பேர் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அவனும் போய் நின்றான். கண்ணாடியில் மூன்று முகம். அதில் தன்னுடையது எது என்று அவனுக்குத் தெரியவில்லை. சட்டை நிறத்தைப் பார்க்கலாமென்றால் மூன்றும் வெள்ளை. கண்டுபிடிக்க மெல்ல வலது கையைத் தூக்கினான்.

கண்ணாடியில் மூன்று பேரும் கையைத் தூக்கினார்கள். அவர்களுக்கும் அதே சந்தேகம்போல.

மூவரும் கையை இறக்கிக்கொண்டார்கள். அவன் இரண்டு கையாலும் தலையைப் பறவைக்கூடாகக் கலைத்துக்கொண்டு, குடுகுடுவென்று வெளியே ஓடிவந்தான். வாசலிலேயே பியூன் நின்றுகொண்டிருந்தான். சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து, பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைக்கு வாருவதுபோல மோவாயைப் பிடித்துக்கொண்டு வாரிவிட்டான்.

"இப்படி வெளிய வரலாமா சார்? இன்டர்வியூ ஆரம்பிச்சாச்சு."

இன்டர்வியூ! அப்பாடா! உள்ளே போய் விண்ணப்பத்தைக் காட்டி, "ஐயா, நான்தான் அது" என்று சொல்லிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. அவன் நேராக அறைக்குள் போய், மேசைக்கு எதிரே தனியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அங்க ஏன் உட்காரறீங்க?" என்றார் மேனேஜர். "கேள்வி கேக்கறவர் இந்தப் பக்கம்தானே உட்காரணும்?"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. இழுத்துக்கொண்டு போய் மேனேஜருக்கும் இன்னொரு வகிட்டுக்காரருக்கும் நடுவில் அவனை உட்காரவைத்தார்கள். முன்னால் ஒரே ஒரு விண்ணப்பம். அதில் ஒட்டியிருந்த படத்திலிருந்து அவனுடைய தாடி அவனையே பாவமாகப் பார்த்தது.

"இந்த ஆள் இன்னும் வரல" என்றார் மேனேஜர். "படத்தைப் பாத்தீங்களா? மூஞ்சியா, முள்ளுப்புதரா?"

"பாக்கத்தான் அப்படி சார். ரொம்ப நல்லவர்."

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"சின்ன வயசுலேருந்து தெரியும் சார். குடும்பஸ்தர். இந்த வேலை கிடைக்கலேன்னா அவர் பொண்டாட்டி வீட்டை விட்டே போயிடுவா."

"அவ்வளவு அவசியம்னா நேரத்துக்கு வரவேண்டாமா?"

"வந்துட்டாரு சார்."

"எங்க?"

அவன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். மேனேஜர் மறுபக்கத்துக்காரரைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒரே மாதிரிச் சிரிப்பு. ஒன்றாகத் தொடங்கி, குழாயை மூடினாற்போல ஒன்றாக நின்றது.

"நல்லாத்தான் தமாஷ் பண்றீங்க. போடுங்க கையெழுத்தை."

விண்ணப்பத்தின் குறுக்கே ஏற்கெனவே சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். தனக்கு வேலை கிடையாது என்று தானே கையெழுத்துப் போட்டவன் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். போட்டு முடித்ததும் அழுகை முட்டியது.

பியூன் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டான்.

"விலாசம் இருக்கு சார். சாயங்காலம் நம்ம ஆள் ஒருத்தர் நேர்லயே அந்த வீட்டுக்குப் போயிடுவாரு."

"எதுக்குப் போகணும்? எதுக்கு?"

"விண்ணப்பம் போட்டவரை அப்படியே விட்டுடறதில்ல சார். அதுதான் நம்ம கம்பெனி வழக்கம்."

அவனுக்கு உயிரே போய்விட்டது. எவனோ ஒருத்தன் வாசலில் நின்று, "அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு வேலை இல்ல" என்று சொல்லப்போகிறான். அவள் உடனே பெட்டியைக் கட்டிவிடுவாள். அந்த ஆள் போவதற்குள் தான் வீட்டுக்குப் போயாக வேண்டும். காலில் விழுந்தாவது அவளைத் தடுத்துவிடலாம். இந்த முகத்தை அவள் அடையாளம் கண்டுகொண்டால்.

அதன்பிறகு கணக்கும் ஓடவில்லை, கடிகாரமும் ஓடவில்லை. மணியடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகக் கீழே பாய்ந்து போனை வாங்கினான். அது அவன் போன் இல்லை. ஆனால் முகத்துக்கு நேரே பிடித்ததும் சமர்த்தாகத் திறந்துகொண்டது. உள்ளே முன்பின் தெரியாத ஒரு பெண்மணியின் படம். மனைவியிடம் பேசலாமென்றால் அவள் நம்பர் அவனுக்கு மனப்பாடம் இல்லை. எவனுக்குத்தான் இருக்கிறது!

காவலாளியிடம் போனை மாற்றிக் கேட்பதற்குள், பின்னால் வந்த வெள்ளைச்சட்டைக் கூட்டம் அவனை அப்படியே தள்ளிக்கொண்டு போய்க் கம்பெனி வேனில் ஏற்றிவிட்டது. கதவு சாத்திக்கொண்டது.

"டிரைவர், நான் கீழ இறங்கணும். என் வீடு இந்தப் பக்கம் இல்ல!"

"உங்க வீடு எனக்குத் தெரியாதா சார்? தினமும் கொண்டுபோய் விடறவன் நான்தானே."

ஒவ்வொரு தெருமுனையிலும் ஒருவர் இறங்கினார். இறங்கியவர் எல்லாரும் கொஞ்ச நேரம் நின்று, எந்த வீடு என்று தேடுகிறவர்போல இரண்டு பக்கமும் பார்த்தார்கள். பாவம், வேலை அலுப்பு என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அவனை இறக்கிவிட்ட இடத்தில் பச்சை கேட் போட்ட சின்ன வீடு. திரும்பிப் பார்ப்பதற்குள் வேன் போய்விட்டது. இனி யாரிடமாவது உண்மையைச் சொல்லி, வழி கேட்டு, ஓட்டமாக ஓடினால்கூடத் தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அவன் கதவைத் தட்டினான்.

போனில் பார்த்த பெண்மணிதான் திறந்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பையை வாங்கக் கை நீட்டினாள்.

அவன் கும்பிட்டான்.

"மன்னிக்கணும்மா. நான் உங்க வீட்டுக்காரர் இல்ல. என் பொண்டாட்டியும் பொண்ணும் எனக்காகக் காத்துட்டிருப்பாங்க. நான் போகணும்."

அவள் பையை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

"தெரியும். நேத்து வந்தவரும் இதையேதான் சொன்னாரு. கை கழுவிட்டு வாங்க. உங்க வீட்டுக்குப் போனவரு இந்நேரம் பாதிச் சாப்பாட்டுல இருப்பாரு."