தாலியை அவிழ்க்கச் சொன்ன 'ஒன் மோர்' அண்ணன்

பினாங்கில் 'ஒன் மோர்' அண்ணனைத் திருப்திப்படுத்திய மனிதன் இன்னும் பிறக்கவில்லை. தானே கதை எழுதி, தானே இயக்கி, தானே போஸ்டர் ஒட்டுகிற சினிமாக்காரர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். சூலியா தெரு டீக்கடையில் தே தாரிக் ஆற்றுகிறவரிடம்கூட, "ஆத்தினீங்க, சரி. ஃபீலிங் வரல லா அண்ணே. ஒன் மோர்!" என்பார். அந்த மனிதர் இவரைத் தூரத்தில் கண்டாலே உள்ளே போய்விடுவார்.

அப்பேர்ப்பட்டவர் முதன்முதலாக முழுநீளப் படம் எடுத்தார். மைக் குச்சி பிடித்தது அடியேன். கல்யாணக் காட்சி மட்டும்தான் பாக்கி. வாடகைக் கேமரா சாயங்காலம் திரும்பிப் போக வேண்டும். கதாநாயகி மறுநாள் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்புகிறாள். இந்த லட்சணத்தில், வருவதாகச் சொன்ன துணை நடிகர்களில் ஒருவரையும் காணோம். கூட்டமில்லாமல் கல்யாணமேது, கல்யாணமில்லாமல் படமேது! எனக்குக் கைகால் ஓடவில்லை.

அண்ணன் அசரவில்லை. "கூடாரத்த போடு தம்பி! நாதஸ்வரத்த சத்தமா வை!" என்றார்.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்குக் கீழே கூடாரம் எழும்பினால், யார் வீட்டு விசேஷம் என்று எங்கள் ஆட்கள் கேட்பதில்லை. பட்டுக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். இறங்கினார்கள்! படப்பிடிப்பு என்று சொல்லியும் ஒருவரும் திரும்பிப் போகவில்லை. கட்டிய பட்டு வீணாகலாமா?

"ஆக்‌ஷன்!" கெட்டிமேளம்! மாப்பிள்ளை தாலி கட்ட, அட்சதை மழை! மூன்றாம் மாடி லெட்சுமி அக்கா நிஜமாகவே அழுதுவிட்டார். எனக்குப் புல்லரித்துப் போனது. யாரும் 'கட்' சொல்லாததால் கேமராக்காரரே நிறுத்தினார்.

கூட்டத்துக்குள்ளிருந்து அண்ணன் குரல் வந்தது. "பிரமாதம்! தாலிய அவுத்துடுங்க. ஒன் மோர்!"

லெட்சுமி அக்கா எழுந்தார். "என்ன தம்பி பேச்சு இது? கட்டுன தாலிய எங்க கண்ணு முன்னாலயே அவுக்கறதா?"

"அக்கா, இது படம் லா!"

"படமோ நெசமோ, நாங்க மனசார வாழ்த்தியாச்சு. பொண்ணு கழுத்துல கை வச்சீங்க, தெரியும் சேதி! சாப்பாடு எங்க?"

கூட்டம் முழுக்க அக்கா பக்கம். கதாநாயகியே தாலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் எல்லோரையும் கும்பிட்டுவிட்டு, வேன் அனுப்பிச் சாப்பாடு வரவழைத்தார்.

பந்தி நடக்கும்போது, எடுத்ததைப் போட்டுப் பார்த்தோம். அண்ணன் முகம் வெளுத்தது. கூட்டத்தின் நட்டநடுவில், கழுத்தில் ஹெட்ஃபோனோடு ஓர் ஆள் அட்சதை தூவித் தேம்பித் தேம்பி அழுகிறார். சாட்சாத் டைரக்டரேதான்!

"போச்சுண்ணே, படமே போச்சு" என்றேன். திரும்ப எடுக்க அக்கா விடப்போவதில்லை.

அவர் அந்தக் காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த ஆளு நடிக்கல தம்பி. இருக்கட்டும் லா."

படம் வெளியாயிற்று. அந்தக் காட்சிக்குத் தியேட்டரே எழுந்து விசிலடித்தது! ஹெட்ஃபோன் எப்படிக் கல்யாணத்துக்கு வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் ஓர் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே, "அழுவுறவரு பொண்ணோட மாமாவா இருக்கும்" என்றார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. திரும்பி, "இல்லம்மா, அவரு எனக்கு அண்ணன்" என்றேன்.