வராத விளையாட்டுக்குப் பணம் கட்டிய மாப்பிள்ளை

சேசு மரி சூசை துணை

அன்பும் மரியாதையும் நிறைந்த கிளீட்டஸ் மச்சானுக்கு, உங்கள் தங்கை குளோரியின் கணவன் ததேயுஸ் எழுதிக்கொள்வது. இங்கே நாங்களும் கடலும் சுகம். தோகாவில் உங்கள் சுகத்துக்கு மாதாவிடம் மன்றாடுகிறோம். போனில் சொன்னால் குளோரி கேட்டுவிடுவாள். அதனால் நாளை விமானம் ஏறும் வினோஜ் கையில் நெத்திலிக் கருவாட்டோடு இதையும் கொடுத்து விடுகிறேன்.

மச்சான், நீங்கள் பார்த்துத் தந்த மாப்பிள்ளை பெனின் செய்த காரியத்தால் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. குடியா, சீட்டா என்று கேட்காதீர்கள், அதைவிட மோசம். போன ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையை இரண்டாம் முறை வாசித்து முடிந்ததும் மாப்பிள்ளை சாப்பிட வந்தார். நெய்மீன் குழம்பை ஊற்றிப் பிசையும்போது கல்யாணப் பெண், என் மகள் பெபிஷா லேப்டாப்பைப் பார்த்து, "ஐயோ, தள்ளி வச்சுட்டானுவ!" என்று அலறினாள். கல்யாணத்தைத்தானோ என்று என் கைச்சோறு கீழே விழுந்தது. விசாரித்தால், ஏதோ வீடியோ கேமாம், இன்னும் வெளியாகவே இல்லையாம், வெளியாகும் தேதியைத்தான் தள்ளி வைத்தார்களாம், அதற்கு மூன்று மாதம் முன்பே ஐயாயிரம் ரூபாய் முழுசாகக் கட்டியாகிவிட்டதாம். "யாரு கெட்டுனது?" என்றேன். பெபிஷா மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்து, "நான்தான் மாமா" என்றார்.

முப்பது வருடம் மீன் ஏலம் எடுத்தவன் நான். செவுளைத் திறந்து பார்க்காமல் ஒரு சாளை மீன்கூட வாங்கியதில்லை. என் வீட்டுக்கா இப்படி ஒரு மருமகன்!

"முன்னால கெட்டலேன்னா தீந்து போவுமா?" என்றேன்.

"தீராது மாமா, கம்ப்யூட்டர்ல எறக்குறதுதானே."

"வெல கொறைவோ?"

"இல்ல, ரெண்டு மாசம் கழிச்சு வாங்குனாத்தான் கொறையும்."

"பொறவு எதுக்கு மாப்ள கெட்டுனிய?"

"முன்னால கெட்டுனவங்களுக்கு மட்டும் ஒரு தங்கத் தொப்பி உண்டு. கேமுக்குள்ள இருக்குத ஆளுக்கு."

எனக்குத் தலை சுற்றியது மச்சான். அதுவும் முதல் நாள் ஒழுங்காக ஓடாதாம், அதில் வரும் குதிரை சுவருக்குள் போய் மாட்டிக்கொள்ளுமாம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து அனுப்புவார்களாம். அழுகின மீனை விற்றுவிட்டு அப்புறம் வந்து கழுவித் தருகிறேன் என்றால் சந்தையில் விடுவார்களா? அது வெளியாகும் புதிய தேதி என்ன தெரியுமா? நம் பெண்ணின் கல்யாண நாள்!

மூன்று ஞாயிறும் ஓலை வாசிக்கும்போது, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறார்கள் அல்லவா? அறிந்தேன், நேற்றே போய்த் தெரிவித்தேன்.

சாமியார் திகைத்துப்போனார். "பெண்ணுக்க அப்பனே தடை சொல்லி நான் கண்டதில்ல. என்ன தடை? முன்னமே ஒரு கல்யாணமா, நெருங்குன சொந்தமா?"

"புத்தி இல்ல சாமி" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, எழுதிக் கொடுக்கச் சொன்னார். நானும் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிறு மூன்றாம் ஓலைக்கு முன் நீங்களே மாப்பிள்ளையின் அப்பாவிடம் சொல்லி இந்தச் சம்பந்தத்தை மரியாதையாக முறித்துவிடுங்கள். மகளைக் கிணற்றில் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு முத்தமும். தூய சவேரியார் உங்கள் வேலையையும் விசாவையும் காப்பாராக.

மனம் நொந்த,
ததேயுஸ்

பி.கு.: கருவாட்டைக் கட்ட வந்த பெபிஷா இதைப் படித்துவிட்டாள். "அப்பா, கெட்டுனது நானாக்கும், எனக்க சம்பளத்துல. வெளிவந்த பொறவு பாத்து வாங்கு, பாத்து வாங்குன்னு அவிய அப்பமே சொன்னாவ. நீங்க ஏசுவியன்னுதான் அவிய பழிய ஏத்துக்கிட்டாவ" என்று அழுகிறாள். சாமியாரிடம் ஓடிப்போய் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிட்டேன். மச்சான், மாப்பிள்ளை தங்கமான பையன், கைநழுவ விடக்கூடாது. மூன்றாம் ஓலை வாசித்து முடியும்வரை அவர் அப்பா சாமியாரிடம் தடை சொல்லப் போய்விடாதபடி போனில் பிடித்து ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள். பெண்ணைப் பற்றிக் கேட்டால், வீடியோ கேம் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளை என்று சொல்லுங்கள்.