தங்கள் வயல் வந்து சேர்ந்தது

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் மனைவியும் மகனும் தங்கள் மகளும் நலம். ஆறும் நலம், இப்போதைக்குக் கரைக்குள்தான் ஓடுகிறது. மேட்டு வீட்டில் தாங்கள் அனைவரும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்களுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. கோபித்துக்கொள்ளக் கூடாது.

சென்ற வாரம் வெள்ளம் வடிந்த காலையில் மனைவி சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "உங்க சம்பந்தி நம்ம வயல்ல நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாரு, போய்க் கூப்பிடுங்க" என்றாள். தூறலில் என் மூக்குக்கண்ணாடி மங்கியிருந்தது. தங்கள் கட்டம் போட்ட சட்டை மட்டும் தெரிந்தது. குடையோடு வரப்பில் நின்று உள்ளே வரும்படி அழைத்தேன். பதில் இல்லை. ஏதோ மனத்தாங்கல் என்று பயந்து, கல்யாணத்தில் நேர்ந்த குறைகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாக மன்னிப்புக் கேட்டேன். பந்தியில் தங்கள் அண்ணனுக்கு இடம் கிடைக்காமல் போனதைக்கூட விடவில்லை. அதற்குள் தங்கள் மகள் ஓடிவந்து, "மாமா, அது எங்க சோளக்கொல்லை பொம்மை. அப்பாவோட பழைய சட்டையைத்தான் மாட்டியிருந்தோம்" என்றாள். மரியாதைக்காக, பாதியில் நின்ற மன்னிப்பை முடித்துவிட்டே வீட்டுக்குள் வந்தேன்.

பொம்மை தனியாக வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் வெறும் மணல் நிலத்தின் மேல் ஒரு சாண் உயரத்துக்குக் கரிய வண்டல். மருமகள் ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்து, பிறந்த வீட்டு மண்ணேதான் என்றாள். தங்கள் மேல்மண் முழுவதையும் ஆறு வாரிக்கொண்டு போனதாக அவள் அம்மா போனில் அழுதார்களாம். கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கல்யாணத்தில் ஒன்றுமே வேண்டாம் என்று பெருமையாகச் சொன்னவன், பெண் கொடுத்தவரின் வயலையே வாங்கிக்கொண்டு நிற்கிறேனே. லாரி பிடித்துத் திருப்பி அனுப்பட்டுமா என்று மனைவியிடம் கேட்டேன். "ஆத்துக்கிட்ட கேட்டு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

இதில் என் சுயநலமும் இருக்கிறது. வருஷா வருஷம் வெள்ளத்துக்குப் பயந்து சாக முடியாது, நிலத்தையும் வீட்டையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு டவுனுக்குப் போகலாம் என்று மகன் நச்சரித்துக்கொண்டிருந்தான். எதிர்த்துப் பேசத் தைரியமில்லாமல் நானும் தலையாட்டிவிட்டேன். ஆனால் இந்த வீட்டை விட்டால் எனக்கு எங்கும் தூக்கம் வராது. வண்டலைப் பார்த்ததும் அவனே, "இந்த மண்ணை விட்டுட்டுப் போறவன் மடையன்ப்பா" என்றான். வீடு தப்பியது. இதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. முதல் விளைச்சலில் பாதி தங்களுக்குத்தான், மறுக்கக் கூடாது.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசிகளும்.

தங்கள் அன்புக்கும் மண்ணுக்கும் கடன்பட்ட,
சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஆறு மறுபடி ஏறிவிட்டது. தங்கள் மண்ணோடு எங்கள் மண்ணும் போயிற்று. கூடத்தில் இடுப்பளவு தண்ணீர். மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். விற்றுவிடலாம் என்று இந்த முறை நானே சொன்னேன், வாங்கத்தான் ஆளில்லை. ஆகவே இக்கடிதத்தைத் தபாலில் சேர்க்காமல் நேரில் கொண்டுவருகிறேன். பின்னால் வண்டியில் குடும்பமும் மாடும் வருகின்றன. மேலே எழுதிய நன்றி எதையும் அடிக்கவில்லை. மண்ணுக்கு என்று இருக்கும் இடங்களில், கதவைத் திறந்ததற்கு என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும்.