வெந்தயம் மணத்த போலந்து

பாடம் நடத்துவதில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. கேட்பவருக்குச் சுத்தமாகத் தெரியாத விஷயத்தை நடத்தினால், நமக்குத் தெரியாதது எதுவும் வெளியே வராது. எந்தப் புத்தகத்திலும் படித்ததல்ல, இருபத்து மூன்று வயதில் நானே கண்டுபிடித்தது. (அந்த வயதுக் கண்டுபிடிப்புகளுக்கு என்ன ஆயுளோ அதுதான் இதற்கும்.)

எழுபத்து நாலாம் வருஷம். கரையான்சாவடிப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பூகோள டீச்சராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வீடு கொரட்டூரில். ரயிலில் ஆவடி, அங்கிருந்து பஸ், இறங்கி நடை. பள்ளிக்கு வருவேன், பாடம் எடுப்பேன், மணி அடித்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். பள்ளிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவில் இருந்த டீக்கடையைத் தவிர அந்த ஊரில் எனக்கு ஒன்றும் தெரியாது. டீக்கடையும் ஒரு நாள் மழைக்கு ஒதுங்கியதால் தெரிந்ததுதான்.

வேலை தற்காலிகம். வருடாந்திர ஆய்வுக்கு வரும் இன்ஸ்பெக்டர் நல்லபடியாக எழுதினால் நிரந்தரம், இல்லாவிட்டால் கோடை விடுமுறையோடு கும்பிடு. அப்பா கண் பார்வை மங்கி வேலையிலிருந்து நின்றுவிட்டார். தம்பி கல்லூரியில் முதல் வருஷம். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் நான் ஒருத்திதான். ஆகவே அந்த ஆய்வை நினைத்து எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஆய்வுக்கு ஒரு மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். மற்றவர்களெல்லாம் காவிரி டெல்டா, பருவக்காற்று என்று எடுத்தார்கள். எனக்கு அவர்களைப் பார்த்துப் பரிதாபமாக இருந்தது. காவிரியைப் பற்றி இன்ஸ்பெக்டருக்குத் தெரியாமல் இருக்குமா? நாலு கேள்வி கேட்டால் தீர்ந்தது. ஒன்பதாம் வகுப்புப் பாடத்திட்டத்தில் ஐரோப்பா இருந்தது. என் கொள்கை அங்கே வழி காட்டியது.

என் தம்பிக்கு ஒரு பழக்கம். டில்லியில் இருக்கிற எல்லா நாட்டுத் தூதரகத்துக்கும் இங்கிலீஷில் போஸ்ட் கார்டு எழுதுவான். அவர்களும் இலவசமாகப் பத்திரிகை அனுப்புவார்கள். வழவழப்பான தடித்த தாள். நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட அதைவிட உசத்தியான காகிதம் அப்போது கிடையாது. கொரட்டூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் பாதிப் பேரின் கணக்கு நோட்டில் டிராக்டர் ஓட்டும் வெளிநாட்டுப் பெண்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அப்படிக் கிழிபடாமல் தப்பிய ஒரு இதழ் முழுக்க முழுக்க ஒரே இடத்தைப் பற்றியது. போலந்து நாட்டின் தெற்கு மூலையில், மலைகளுக்கு நடுவே நோவி தார்க் என்ற கவுண்டி.

அதைத்தான் எடுத்தேன். கவுண்டி என்றால் பிள்ளைகளுக்குப் புரியாது என்று ஒன்றியம் என்று மொழிபெயர்த்தேன். மேலே க்ராக்கவ் மாகாணம், நடுவே நோவி தார்க் ஒன்றியம், கீழே கிராமங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மக்கள் மன்றம், ஒரு தலைவர். ஒன்றியத் தலைவர் ஒரு மரப்பாலத்தின் மேல் நின்று சிரிக்கிற படம் பத்திரிகையில் இருந்தது. அவர் என்ன செய்வார் என்று போடவில்லை. அதனால் என்ன, நான் போட்டுக்கொண்டேன். மாதம் ஒரு முறை எல்லாக் கிராமத்துக்கும் நேரில் போவார். குறைகளைத் தன் கையாலேயே எழுதிக்கொள்வார். பதினைந்து நாளுக்குள் பதில் சொல்வார். பனி விழுந்தால் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் முன்பே பாதையைச் சுத்தம் செய்ய ஆள் அனுப்புவார். எழுத எழுத எனக்கே அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

இருபது கேள்வி, இருபது பதில். ஒரு வாரம் ஒத்திகை. பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன்: நான் கேட்கிற கேள்விக்கு, நான் சொல்லிக்கொடுத்த பதில். அதைத் தவிர ஒரு வார்த்தை வாயிலிருந்து வரக்கூடாது, கூரை இடிந்து விழுந்தாலும் சரி. மூன்று மாதமாக என் பேச்சைக் கேட்காத வகுப்பு அது. இந்த ஒன்றை மட்டும் கேட்டுத் தொலைத்தது.

வெறும் வரைபடம் போதாது என்று மலையையே செய்தேன். அம்மா பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்துக் கூடை செய்வாள். அந்தக் கூழில் இரண்டு முழப் பலகை மேல் தத்ரா மலைத்தொடரை எழுப்பினோம். உச்சிக்குச் சுண்ணாம்புப் பனி. துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்துத் துனாயெட்ஸ் நதி. அந்த நதிக்கு இரண்டு கிளைகள், வெள்ளைத் துனாயெட்ஸ், கறுப்புத் துனாயெட்ஸ். கறுப்புக்கு அடுப்புக்கரி. கடலின் கண் என்று பெயருள்ள மலை ஏரிக்கு அப்பாவின் பழைய மூக்குக் கண்ணாடியின் ஒரு சில்லு. காய்ந்த பிறகு போலந்து முழுக்க வெந்தய வாசனை. பஸ்ஸில் கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போடலாமா என்று யோசித்தார். பக்கத்து சீட்டு அம்மாள் கொலுவுக்கா என்று விசாரித்தாள்.

ஆய்வு நாள் காலையில் ஒரு சிக்கல். மலையைச் சுவரில் மாட்டினேன், ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தது. மேஜையில் வைத்தால் பின் பெஞ்சுக்குத் தெரியாது. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவிடம் ஓடினேன். அவர் வாசலில் மாலை, எலுமிச்சம்பழம் என்று பரபரப்பாக இருந்தார். நைட் வாட்ச்மேன் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை, அவரை அனுப்புகிறேன், பிடித்துக்கொண்டு நிற்கட்டும் என்றார். அந்த வாட்ச்மேனை நான் பார்த்ததே இல்லை. நான் போன பிறகு வருவார், நான் வருவதற்குள் போவார்.

ஐந்து நிமிஷத்தில் வகுப்பு வாசலில் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். ஐம்பது வயதிருக்கும். கசங்கிய வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு. உள்ளே எட்டிப் பார்த்து லேசாகச் சிரித்தார். பிள்ளைகள் சட்டென்று எழுந்து நின்றார்கள். (வாட்ச்மேனுக்குக்கூட எழுந்து நிற்கிறார்களே, என்ன ஒழுக்கம் என்று பூரித்தேன்.) நான் அவரை நிமிர்ந்துகூடச் சரியாகப் பார்க்காமல், இவ்வளவு லேட்டாகவா வருவது என்று கடிந்துகொண்டு பலகையை அவர் கையில் கொடுத்தேன். கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். அவர் ஒரு நொடி விழித்தார். பிறகு வாங்கிக்கொண்டார்.

ஏன் வாங்கிக்கொண்டார் என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். விழாவுக்கு விழா போகிறவர்களின் கையில் யாராவது எதையாவது கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். கத்தரிக்கோல், கேடயம், குழந்தை. வாங்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நிற்பது அவர்களுக்குக் கை வந்த பழக்கம்.

இன்ஸ்பெக்டரும் ஹெட்மிஸ்ட்ரஸும் உள்ளே வந்தார்கள். இன்ஸ்பெக்டர் மாற்றலாகி வந்த புதியவர், யாரையும் தெரியாது. அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், மலைக்குப் பின்னால் தெரிந்த முகத்தைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. ஆய்வுக்கு நடுவில் குறுக்கே பேச முடியாமல் கையை மேலும் கீழும் ஆட்டினார். உயரம் போதவில்லை போலிருக்கிறது என்று புரிந்துகொண்டு, "கொஞ்சம் தூக்கிப் பிடிங்க" என்றேன். தூக்கினார். ஹெட்மிஸ்ட்ரஸ் இரண்டு கையாலும் எதையோ தலைக்கு மேல் தூக்கிக் கழுத்தில் போடுவது போலக் காட்டினார். இன்னும் தூக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா சைகை காட்டவில்லை, நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

பாடம் பிரமாதமாகப் போனது. கேள்வி கேட்கக் கேட்கப் பதில்கள் பாய்ந்து வந்தன. நோவி தார்க் என்றால் புதுச்சந்தை என்று அர்த்தம். ஆட்டுப்பாலில் புகைபோட்ட பாலாடைக்கட்டி. மலையிலிருந்து இறங்கும் சூடான காற்றுக்கு ஹால்னி என்று பெயர், அது அடிக்கும்போது மனிதர்களுக்குக் கோபம் வரும். ஒன்றியத் தலைவரின் கடமைகளைக் கஸ்தூரி என்ற பெண் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். ஏரியைப் பற்றிச் சொல்லும்போது மலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏம்மா, அந்த ஏரி பி.டபிள்யூ.டி.யா, யூனியனா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் இன்ஸ்பெக்டர் ஆர்வமாக நிமிர்ந்து பார்த்தார். வாட்ச்மேனையே கேள்வி கேட்க வைக்கிற பாடம் என்றால் சும்மாவா. யூனியன்தான் என்று துணிந்து சொன்னேன். "குட்த்து வெச்சவங்க" என்றது மலை.

முடிந்தது. இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். நிரந்தர உத்தரவு என் கண்ணுக்கு முன்னால் டைப் ஆகிக்கொண்டிருந்தது. அப்போது அவர் சாதாரணமாகக் கேட்டார், போலந்து இருக்கட்டும், இந்தப் பள்ளி இருக்கிற ஒன்றியத்துக்குத் தலைவர் யார்?

நாற்பது பேரும் என்னையே பார்த்தார்கள். அது இருபத்தோராவது கேள்வி. கூரை இடிந்தாலும் வாய் திறக்கக்கூடாதே. இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். என் சாமர்த்தியம் விடவில்லை. நான் கொரட்டூர், சார், இவர் உள்ளூர்க்காரர், இவரே சொல்வார் என்று மலைப் பக்கம் திரும்பினேன்.

"அண்ணே, உங்க ஊர் சேர்மன் யாருன்னு சாருக்குச் சொல்லுங்க."

பலகை மெதுவாக இறங்கியது. வேர்த்த முகம். மூக்கில் சுண்ணாம்பு.

"நான்தாம்மா சேர்மன். அரை மணியா புட்ச்சினு நிக்கிறேன், கை மரத்துப் பூட்ச்சு. கீழ வெக்கட்டா?"

அப்போது வாசலில் இன்னொருவர் வந்து நின்றார். காக்கி அரை டிராயர், கையில் டார்ச் லைட். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா அனுப்பினாங்க, எதையோ புடிக்கணுமாமே என்றார்.

அதன் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. நான் அழுதேன். பள்ளிக்கூடமே பார்க்கும்படி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி அழுதேன். வேலை போய்விட்டது, அப்பாவிடம் என்ன சொல்வது என்பதைத் தவிர எதுவும் தோன்றவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் சேர்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். சிறப்பு விருந்தினராக மாலை போட அழைத்திருந்தவரை நான் மலை தூக்க வைத்திருந்தேன். அவர் பின்பக்க கேட் வழியாக வந்துவிட்டதால் மாலையோடு நின்றவர்கள் முன்பக்கம் காத்துக்கொண்டிருந்தார்களாம்.

இன்ஸ்பெக்டர் முகம் கறுத்து, சொந்த ஒன்றியத்தைத் தெரியாத பூகோள ஆசிரியை என்று எழுத ஆரம்பித்தார். சேர்மன் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு குறுக்கே பேசினார்.

"வுடுங்க சார். நாலு வருசமா சேர்மனா கீறேன். சேர்மன் வேல இன்னான்னு இன்னிக்கித்தான் ஒருத்தர் வெவரமா சொல்லிக் கேட்டேன்."

அவர் கிண்டல் செய்தாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கிண்டல் என்றால் சிரித்திருப்பார். அவர் சிரிக்கவில்லை. பதினைந்து நாளில் பதில் சொல்கிற விஷயம் எந்த புக்கில் இருக்கிறது என்று என்னைத் தனியாக விசாரிக்கவும் செய்தார். அது என் நோட்டில் மட்டும்தான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் எழுதியதை அடித்துவிட்டு, ஒரு மாதம் கழித்து வருவதாகவும், இந்த ஒன்றியத்தைப் பற்றி இதே மாதிரி ஒரு பாடம் நடத்த வேண்டும் என்றும் எழுதினார். அந்த மாதம் முழுக்கப் பள்ளி விட்டதும் கஸ்தூரியின் துணையோடு ஊர் ஊராக நடந்தேன். எந்த ஏரி பொதுப்பணித் துறை, எந்தக் குட்டை ஒன்றியம், எந்த மதகைக் கேட்டால் இரண்டு அலுவலகமும் ஒன்றையொன்று காட்டுகின்றன என்று எல்லாம் தெரிந்துகொண்டேன். இரண்டாவது பாடத்தில் மலை இல்லை. பிள்ளைகளை வாயைத் திறக்க விட்டேன். வேலை நிரந்தரமானது.

அடுத்த வருஷம் தம்பிக்கு வந்த பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி. போலந்து அரசு தன் நாட்டிலிருந்த கவுண்டிகள் அத்தனையையும் ஒரே உத்தரவில் எடுத்துவிட்டது. மலை அங்கேயே இருந்தது, ஒன்றியம் போய்விட்டது. உலகத்தில் நான் கரைத்துக் குடித்திருந்த முதல் நிர்வாகம், எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் கலைக்கப்பட்டுவிட்டது. விளையாட்டு விழாவுக்கு வந்த சேர்மனிடம் இதைச் சொன்னேன்.

"சேர்மன இன்னா பண்ணாங்க?" என்றார்.

பத்திரிகையில் போடவில்லை என்றேன்.

சில காலம் கழித்து எங்கள் ஒன்றியக் குழுவின் காலமும் முடிந்தது. தேர்தல் வரவில்லை. தனி அலுவலர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது சைக்கிளில் வந்த பழைய சேர்மன் என்னைப் பார்த்து ஒரு காலை ஊன்றி நின்றார்.

"இன்னா டீச்சர், எனக்கும் போலந்து ஆயிட்ச்சு."

சொல்லிவிட்டு மணியடித்துக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்து சொன்னேன், தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அன்றிலிருந்து எங்கள் குடும்ப அகராதியில் அது ஏறிவிட்டது. தம்பியைச் சங்கச் செயலாளர் பதவியிலிருந்து எடுத்தபோது போலந்து. என் பெண்ணின் வகுப்புத் தலைவி பட்டத்தைப் பறித்தபோது, அழுதுகொண்டே வந்து "அம்மா, போலந்து" என்றாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர் முதலில் இது ஏதோ வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தைந்து வருஷ வேலை முடிந்து ஓய்வு பெற்ற அன்று, மாலையும் கையுமாக ஆட்டோவில் வந்து இறங்கினேன். அவர் கதவைத் திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"போலந்தா?" என்றார்.

ஆமாம் என்றேன். சிரிப்பு வர ஒரு நிமிஷம் ஆனது.