கொப்பியின் ஒன்பதாம் பக்கம்

மேற்பிரிவு லயம்,
அலுவிகாரை, மாத்தளை.
18.01.1997

அன்பு மகள் தவமணிக்கு,

அப்பா ஆசியோடு எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் சுகம். கொழும்பில் செக் பொயின்ட் கூடிவிட்டதாம். அடையாள அட்டையை அறையில் மறந்து வைத்துவிட்டு வெளியே இறங்காதே.

உன்னோடு சட்டம் படிக்கும் நோபர்ட்டைக் கட்டிக்கொள்ள விரும்புவதாக எழுதியிருந்தாய். முடியாது. நாம் அம்மனைக் கும்பிடுகிறவர்கள், அவர்கள் வேதக்காரர்கள். எல்லாம் அந்தப் படிப்பு செய்த வேலை. இங்கே அது என்னைப் படுத்திய பாட்டையும் கேள்.

ஆவணியில் நீ எழுதிய கடிதத்தில் இங்கிலாந்தில் பொதுச்சட்டம் பிறந்த கதையைச் சொல்லியிருந்தாய். முன்பு அங்கே ஊருக்கொரு வழக்கமாம். ராசா நீதிபதிகளை ஊர் ஊராக அனுப்பினாராம். அவர்கள் வழக்குக் கேட்டுத் திரும்பி வந்து, தங்களுக்குள் பேசி, நாட்டுக்கெல்லாம் பொதுவாக ஒரே சட்டமாக்கினார்களாம். முன்னே சொன்ன தீர்ப்பு, பின்னால் வரும் அதே மாதிரி வழக்கையும் கட்டுப்படுத்துமாம். இருபது வருடமாகத் தோட்டத் தலைவராக லயத்துச் சனங்களுக்கு நியாயம் பேசுகிற நானும் இதைத்தானே செய்கிறேன், எழுதித்தான் வைக்கவில்லை என்று அன்றைக்கே தீர்ப்பெல்லாம் எழுதிவைக்க ஒரு கொப்பி வாங்கினேன். அங்கே பிடித்தது சனியன்.

முதல் வழக்கு, நல்லையாவின் கோழி பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாவின் அடுப்படியில் முட்டை இட்டது. இட்ட இடத்துக்காரிக்கே முட்டை என்று எழுதினேன். பத்தாம் நாள் நல்லையாவின் ஆடு அவள் வாசலில் குட்டி போட்டது. கொப்பியைக் காட்டிக் குட்டியைத் தூக்கிக்கொண்டாள். முன்னே சொன்ன தீர்ப்பாயிற்றே என்று விட்டுவிட்டேன். போன மாத அடைமழையில், வலி கண்ட நல்லையா பெண்சாதி இலட்சுமியை ஆஸ்பத்திரி லொறிக்குக் கூட்டிப்போகிற வழியில், சுந்தரம்மா வீட்டுக்குள்ளேயே பிள்ளை பிறந்துவிட்டது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "தலைவரே, கொப்பியக் கொண்டாங்க" என்கிறாள் சுந்தரம்மா. பிள்ளையில்லாதவள், பாதி விளையாட்டு, பாதி நிசம். "முட்ட வேற, மனுசப் பிள்ள வேற" என்று பிரித்து எழுத எனக்கு இரண்டு பக்கம் பிடித்தது. பேர் வைக்கும் உரிமையை அவளுக்குக் கொடுத்துத் தப்பித்தேன்.

மகளே, நீ கறுப்புக் கோட்டுப் போட்டு நிற்கப்போவதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. நோபர்ட் வீட்டுக்குப் போய்விட்டால் மாசித் தேருக்கு எங்களோடு வடம் பிடிக்க வரமாட்டாயே என்றுதான் பயம். அதனால் முடியாது என்றால் முடியாது.

நேரத்துக்குச் சாப்பிடு. முத்துமாரி உன் பக்கத்திலேயே நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வீ. அழகையா, தோட்டத் தலைவர்.

பி.கு.: உறையை ஒட்டுமுன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொப்பியின் ஒன்பதாம் பக்கத்தைப் பிரித்து நீட்டினாள். கார்த்திகையில் பழனிமுத்துவின் மகள் ஒரு வேதக்காரப் பையனைக் கட்டிக்கொள்ளக் கேட்ட வழக்கு. 'வயது வந்த பிள்ளையின் விருப்பமே முடிவு. சாமி குறுக்கே நிற்காது' என்று, அடுத்தவன் மகள்தானே என்ற தைரியத்தில் முத்து முத்தாக எழுதியிருக்கிறேன். கையெழுத்தும் என்னுடையதுதான். "அது வேற வழக்கு" என்றேன். "என்னா வேறன்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன்" என்றாள். விளக்கு வைக்கும்வரை யோசித்தேன். மகள் வேறு என்பதைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. மாசித் தேருக்கு நோபர்ட் தம்பியையும் கூட்டிக்கொண்டு வா. பயப்பட வேண்டாம் என்று சொல். அவருடைய வழக்கு கார்த்திகையிலேயே முடிந்துவிட்டது.